தாம்பரம் டு மும்பை: அமெரிக்க குடியேற்ற விசா நேர்காணலுக்கு குடும்பத்தோடு போகும் முன் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர், பெருங்களத்தூர் பக்கம் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பிள்ளையோ, தம்பியோ, அக்காவோ அமெரிக்காவில் இருப்பார்கள். “அங்கேயே வந்துடுங்க” என்று அவர்கள் மனு போட்ட பிறகு, இங்கே இருக்கும் குடும்பத்துக்கு அதுவே பெரிய வேலையாகிவிடும். சில குடும்பங்களுக்கு ஒன்றிரண்டு ஆண்டு. சில குடும்பங்களுக்கு 15, 20 ஆண்டு. அத்தனை நாள் காத்திருப்பும் கடைசியில் ஒரு கண்ணாடி ஜன்னல் முன் சில நிமிடங்களில் முடிவாகிறது.

அந்த நேர்காணலில் என்ன நடக்கும், எதனால் தடை வரும், எதை இப்போதே சரி செய்து வைக்கலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

அண்ணா சாலையில் தூதரகம் இருக்கும்போது ஏன் மும்பை?

பலரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். ஜெமினி மேம்பாலம் அருகே அண்ணா சாலையில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம் சுற்றுலா, படிப்பு, வேலை போன்ற தற்காலிக விசாக்களைக் கவனிக்கிறது. நிரந்தரமாகக் குடியேறப் போகிறவர்களுக்கான குடும்ப விசா நேர்காணல் மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் உள்ள துணைத் தூதரகத்தில் நடக்கிறது. அதனால்தான் மும்பைக்குச் செல்லும் வழக்குகளின் எண் ‘பி.எம்.பி’ என்ற எழுத்துகளில் தொடங்குகிறது. பம்பாய் என்ற பழைய பெயரின் சுருக்கம் அது.

ஆக, வயதான பெற்றோராக இருந்தாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளாக இருந்தாலும் மும்பை பயணம் உண்டு. விமானம் என்றால் மீனம்பாக்கத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். ரயில் என்றால் சென்ட்ரலில் ஏறி ஏறக்குறைய ஒரு நாள்.

யார் யாரை அழைக்க முடியும்?

இங்கேதான் நிறைய குடும்பங்கள் தப்புக் கணக்கு போடுகின்றன.

பெற்றோர்: அமெரிக்கக் குடியுரிமை பெற்ற, 21 வயது நிரம்பிய மகனோ மகளோ மட்டுமே பெற்றோருக்கு மனு போட முடியும். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவர் பெற்றோரை அழைக்க முடியாது. இந்தப் பிரிவுக்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை என்பதால் வரிசையில் காத்திருக்க வேண்டாம். ஆவணப் பரிசீலனைக்கும் நேர்காணல் தேதிக்கும் ஆகும் காலம்தான். ஆனால் அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என தனித்தனி மனு போட வேண்டும். வீட்டில் இருக்கும் தம்பி, தங்கை அந்த மனுவில் கூடவே போக முடியாது.

கணவன், மனைவி: குடியுரிமை பெற்றவரின் துணை என்றால் இதற்கும் வரம்பு இல்லை. அமெரிக்காவில் நுழையும் நாளில் கல்யாணமாகி 2 ஆண்டு ஆகியிருக்காவிட்டால், 2 ஆண்டுக்கான நிபந்தனைக் கார்டுதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் நிபந்தனையை நீக்க விண்ணப்பிக்க வேண்டும்.

அண்ணன், தம்பி, அக்கா, தங்கை: இதுதான் ‘எஃப்-4’ பிரிவு. குடியுரிமை பெற்றவர் மட்டுமே மனு போடலாம். உடன்பிறந்தவரின் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட கல்யாணமாகாத பிள்ளைகள் கூடவே போகலாம். உலகம் முழுமைக்கும் சேர்த்து ஆண்டுக்கு 65,000 இடங்கள். எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பு வேறு உண்டு. அதன் விளைவு, 2025-ல் வெளியான விசா புல்லட்டின்களில் இந்தியர்களுக்கான எஃப்-4 தேதி 2006-லேயே நின்றது. அதாவது 2006-ல் மனு போட்டவர்களுக்குத்தான் அப்போது அழைப்பு வந்தது.

மனு போட்ட அண்ணனோ அக்காவோ இடையில் இறந்துவிட்டால், இந்தியாவில் காத்திருப்பவர்களுக்கு அந்த மனு பொதுவாக ரத்தாகிவிடும். ஏற்கெனவே ஏற்கப்பட்ட மனு என்றால் மட்டும், மனிதாபிமான அடிப்படையில் மீட்டுத் தரும்படி குடும்பத்தினர் கேட்கலாம். அது கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது.

பிள்ளைக்கு 21 ஆகிவிட்டால்?

எஃப்-4 குடும்பங்களை அதிகம் வதைக்கும் கேள்வி இது. மனு போடும்போது கைக்குழந்தை. அழைப்பு வரும்போது கல்லூரி முடித்திருக்கும்.

இதற்காக 2002-ல் வந்த சட்டம்தான் ‘குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டம்’. அதன்படி பிள்ளையின் உண்மையான வயதை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. விசா எண் கிடைக்கும் நாளில் உள்ள வயதிலிருந்து, மனு பரிசீலனையில் கிடந்த காலத்தைக் கழிக்கிறார்கள்.

ஒரு உதாரணம்: மனு போட்டு, அது ஏற்கப்பட 4 ஆண்டு ஆனது என்று வைத்துக்கொள்வோம். அழைப்பு வரும்போது மகளுக்கு 23 வயது. 23-லிருந்து 4 போக 19. மகள் கூடவே போகலாம். அதே மனு ஓராண்டில் ஏற்கப்பட்டிருந்தால் 23-லிருந்து 1 போக 22. மகளுக்கு இடமில்லை. மனு சீக்கிரம் ஏற்கப்பட்டதே பாதகமாகிவிடும் விநோதம் இது.

கழித்த பிறகு 21-க்குக் கீழே வந்தாலும் போதாது. விசா எண் கிடைத்த ஓராண்டுக்குள் அந்தப் பிள்ளைக்கான விண்ணப்ப நடவடிக்கையைத் தொடங்கியிருக்க வேண்டும். “அண்ணன் மெயில் பார்த்துப்பான்” என்று விட்டுவிட்டால் இந்த ஓராண்டு கைநழுவிப் போகும்.

வயது தாண்டிவிட்ட பிள்ளைக்கு, பெற்றோர் அமெரிக்கா போன பிறகு புதிதாக மனு போடலாம். பழைய மனுவின் தேதி இதற்குப் பயன்படுமா? பயன்படாது என்று 2014-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டியதுதான்.

“கல்யாணத்தை முடிச்சு அனுப்பலாமே?”

அமெரிக்கா போவதற்கு முன் பெண்ணுக்கோ பையனுக்கோ இங்கேயே கல்யாணத்தை முடித்துவிடலாம் என்று நினைப்பது நம்ம ஊர் வழக்கம். விசா விஷயத்தில் இது பெரிய ஆபத்து.

பெற்றோரின் மனுவில் கூடவே போகும் பிள்ளை, கல்யாணம் ஆன நிமிடமே அந்த மனுவிலிருந்து விலகிவிடுகிறார். கிரீன் கார்டு வைத்திருக்கும் அப்பாவோ அம்மாவோ கல்யாணமாகாத மகளுக்கு மனு போட்டிருந்தால், கல்யாணத்தோடு அந்த மனுவே ரத்து. மனு போட்டவர் குடியுரிமை பெற்றவராக இருந்தால் மட்டும் மனு உயிரோடு இருக்கும். ஆனால் கல்யாணமான பிள்ளைகளுக்கான வேறு வரிசைக்கு மாறிவிடும்.

நேர்காணல் முடிந்து கையில் விசா வந்த பிறகும் இதே விதிதான். அமெரிக்காவில் கால் வைக்கும் வரை கல்யாணமாகாதவராக இருக்க வேண்டும். கல்யாணத்தை மறைத்துப் போவது பொய்த் தகவல் தந்ததாகும். அதற்கான தண்டனை வாழ்நாள் தடை வரை போகலாம்.

நேர்காணலுக்கு முன் என்னென்ன கட்டங்கள்?

முதல் கட்டம், அமெரிக்காவில் இருப்பவர் போடும் ஐ-130 மனு. 2024 ஏப்ரல் முதல் ஆன்லைனில் 625 டாலர், காகித வடிவில் 675 டாலர் கட்டணம்.

மனு ஏற்கப்பட்டு, விசா எண்ணுக்கான நேரம் நெருங்கியதும் கோப்பு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள தேசிய விசா மையத்தில் இருந்து நகரும். அங்கே ஒவ்வொருவருக்கும் 325 டாலர், ஆதரவு உறுதிமொழிப் பத்திரத்துக்கு 120 டாலர் கட்ட வேண்டும். நான்கு பேர் கொண்ட எஃப்-4 குடும்பம் என்றால் மொத்தம் 1,420 டாலர். பிறகு ஒவ்வொருவரும் டி.எஸ்-260 என்ற படிவத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால்தான் நேர்காணல் தேதி ஒதுக்கப்படும்.

ஆதரவு உறுதிமொழி என்பது “இவர்கள் அரசுக்குச் சுமையாக மாட்டார்கள், நான் பார்த்துக்கொள்வேன்” என்று அழைப்பவர் சட்டப்படி தரும் வாக்கு. அவருடைய வருமானம் அமெரிக்க வறுமை அளவுகோலின் 125 சதவீதமாவது இருக்க வேண்டும். 2025 கணக்குப்படி 4 பேர் கொண்ட குடும்பத்துக்கு இது சுமார் 40,187 டாலர். அங்கே இருக்கும் மகன், மருமகளோடு இங்கிருந்து போகும் அப்பா, அம்மாவையும் சேர்த்து எண்ண வேண்டும். வருமானம் போதவில்லை என்றால் கூட்டுப் பொறுப்பாளர் ஒருவரைச் சேர்க்கலாம்.

தென் சென்னைக்காரர்கள் எங்கே சிக்குகிறார்கள்?

பிறப்புச் சான்றிதழ்

பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டம் 1969-ல் வந்தது. 1970 ஏப்ரல் 1-க்கு முன் பிறந்தவர்களில் பலருக்குப் பதிவே இருக்காது. அப்படி இருந்தால், பதிவாளரிடம் ‘பதிவு இல்லை’ என்ற சான்று வாங்க வேண்டும். அதோடு பள்ளிச் சான்றிதழ், பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினரின் உறுதிமொழிப் பத்திரம் போன்றவற்றை வைக்க வேண்டும்.

பிறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு இருக்கும். வீடு தாம்பரத்தில் இருந்தாலும், பிரசவம் எழும்பூர் அரசு மருத்துவமனையில் நடந்திருந்தால் சென்னை மாநகராட்சியில்தான் தேட வேண்டும். தாம்பரம் மாநகராட்சி உருவானது 2021-ல். அதற்கு முன் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் எல்லாம் தனித்தனி நகராட்சிகள். சிட்லபாக்கம், பெருங்களத்தூர், மாடம்பாக்கம் போன்றவை பேரூராட்சிகள். மாவட்டமும் மாறியிருக்கிறது. 1997 வரை செங்கல்பட்டு எம்.ஜி.ஆர். மாவட்டம், பிறகு காஞ்சிபுரம், 2019 நவம்பர் முதல் செங்கல்பட்டு. பழைய சான்றில் பழைய மாவட்டப் பெயர் இருப்பது தவறு அல்ல. டி.எஸ்-260-ல் பிறந்த ஊரை எழுதும்போது சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

குழந்தையின் பெயர் இல்லாத பிறப்புச் சான்றிதழ் இன்னொரு சிக்கல். ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருந்தால், பெயரைப் பதிவு செய்து புதிய சான்று வாங்கிய பிறகே ஏற்ற வேண்டும்.

இனிஷியல்

தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி இது. ரேஷன் கார்டில் ‘ஆர். குமார்’, பாஸ்போர்ட்டில் ‘குமார் ராமசாமி’, பள்ளிச் சான்றிதழில் ‘குமார் ஆர்’ என்று இருக்கும். நமக்கு மூன்றும் ஒரே ஆள். அதிகாரிக்கு அது கேள்வி. அண்ணன் தம்பி மனுவில் இது இன்னும் முக்கியம். இருவரின் பிறப்புச் சான்றிலும் அப்பா அல்லது அம்மா பெயர் ஒன்றாக இருப்பதுதான் ‘உடன்பிறந்தவர்’ என்பதற்கே ஆதாரம். ஒன்றில் ‘ராமசாமி’, மற்றொன்றில் ‘ராமசாமி முதலியார்’ என்றிருந்தால், இரண்டும் ஒருவரே என்று காட்டும் ஆவணங்களை முன்கூட்டியே சேர்த்து வைக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் இடத்துக்குப் போய்விடும். முன்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு’ என்று வரும். ‘முன்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. பிறகு அங்கே ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் இது தொடரும். பாஸ்போர்ட்டில் திருத்த வேண்டும் என்றால் விண்ணப்பத்துக்கு முன்பே திருத்திவிடுவது நல்லது.

போலீஸ் சான்றிதழ்

16 வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் வேண்டும். பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் விண்ணப்பித்து, தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்கே போகலாம். கட்டணம் 500 ரூபாய். துபாய், குவைத், சவுதி என்று முன்பு ஓராண்டுக்கு மேல் வேலை பார்த்தவர்கள் அந்த நாட்டுச் சான்றையும் வாங்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் முதலில் தொடங்க வேண்டிய வேலை இதுதான்.

திருமணப் பதிவு

தமிழ்நாட்டில் 2009 நவம்பர் முதல் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்வது கட்டாயம். அதற்கு முன் கல்யாணமானவர்களிடம் பத்திரிகையும் போட்டோவும் மட்டும் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்து சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழில் மட்டும் உள்ள ஆவணங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்த்தவர் தனக்கு இரு மொழியும் தெரியும், மொழிபெயர்ப்பு சரியானது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

மெடிக்கல் எங்கே?

தூதரகம் அங்கீகரித்த மருத்துவர்களிடம் மட்டுமே பரிசோதனை செய்ய வேண்டும். குடும்ப டாக்டர் தரும் சான்று செல்லாது. அங்கீகரிக்கப்பட்ட மையங்கள் சென்னையிலும் உண்டு. நேர்காணல் கடிதத்தோடு தரப்படும் பட்டியலைப் பார்த்து முன்பதிவு செய்யலாம். தடுப்பூசி விவரம், ரத்தப் பரிசோதனை, 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே ஆகியவை இருக்கும்.

முன்பு காசநோய் வந்து குணமானவர்கள் பழைய சிகிச்சைக் குறிப்புகளை எடுத்துச் செல்ல வேண்டும். எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சளிப் பரிசோதனை கேட்பார்கள். அதன் கல்ச்சர் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். சர்க்கரை, பிரஷர் இருப்பதாலேயே மெடிக்கலில் யாரும் தோற்பதில்லை. மாத்திரைப் பட்டியலை மறைக்காமல் சொல்லலாம். மூடிய உறை தந்தால் அதைப் பிரிக்கக் கூடாது.

நேர்காணல் நாளில் என்ன நடக்கும்?

நேர்காணலுக்கு முன்பே விசா விண்ணப்ப மையத்தில் கைரேகையும் போட்டோவும் எடுக்கும் வேலை இருக்கும். எந்த நாள், எந்த இடம் என்பதை உங்கள் கடிதத்தில் உள்ளபடியே பின்பற்றுங்கள்.

தூதரகத்துக்குள் செல்போன், ஸ்மார்ட் வாட்ச், லேப்டாப் எதுவும் அனுமதியில்லை. வைத்துவிட்டுப் போக உள்ளே இடமும் தர மாட்டார்கள். தங்கும் அறையிலேயே விட்டுவிட்டு, ஆவணங்களை எளிய ஃபைலில் எடுத்துச் செல்லுங்கள். ஸ்கேன் செய்து ஏற்றிய எல்லாவற்றின் அசலும் கையில் இருக்க வேண்டும்.

உள்ளே முதலில் ஊழியர்கள் ஆவணங்களைச் சரிபார்ப்பார்கள். பிறகு விசா அதிகாரியின் ஜன்னல். வலது கையை உயர்த்தி, சொல்வதெல்லாம் உண்மை என்று உறுதிமொழி எடுக்கச் சொல்வார். அதன் பிறகுதான் கேள்விகள்.

பெற்றோரிடம்: மகன் எந்த ஊரில் இருக்கிறார், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் உங்களுக்கு, முன்பு அமெரிக்கா போயிருக்கிறீர்களா, எத்தனை நாள் தங்கினீர்கள்.

உடன்பிறந்தவர்களிடம்: உங்கள் அப்பா அம்மா பெயர் என்ன, அக்காவை கடைசியாக எப்போது பார்த்தீர்கள், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், கல்யாணமாகிவிட்டதா.

கணவன், மனைவியிடம்: எப்படிப் பார்த்தீர்கள், கல்யாணம் எங்கே, யார் யார் வந்தார்கள், எப்படித் தொடர்பில் இருக்கிறீர்கள்.

மனப்பாடம் செய்த பதில் வேண்டாம். கேட்டதற்கு மட்டும் நேராகப் பதில் சொன்னால் போதும். ஞாபகம் இல்லை என்றால் “ஞாபகம் இல்லை” என்றே சொல்லலாம். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம், தலையாட்டிவிடுவதுதான் தப்பு. முன்பு விசா மறுக்கப்பட்டிருந்தாலோ, அமெரிக்காவில் அனுமதித்த நாளுக்கு மேல் தங்கியிருந்தாலோ அதிகாரியின் திரையில் இருக்கும். மறைத்தால் சிறிய விஷயம்கூடப் பொய்த் தகவல் என்ற பெரிய குற்றச்சாட்டாகிவிடும்.

221(ஜி) என்று தாள் கொடுத்தால்?

பயந்துவிட வேண்டாம். இன்னும் ஒரு ஆவணம் வேண்டும், அல்லது கூடுதல் பரிசீலனை தேவை என்று அர்த்தம். அப்போதைக்கு விசா மறுப்புதான். கேட்டதைக் கொடுத்தால் வழக்கு மீண்டும் நகரும். ஓராண்டுக்குள் கொடுக்காவிட்டால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டி வரும். உறவுக்கு ஆதாரம் போதவில்லை என்றால் அதிகாரி டி.என்.ஏ பரிசோதனையைப் பரிந்துரைக்கலாம். அவர்கள் சொல்வதற்கு முன்பே நீங்களாகப் போய் எடுக்கும் பரிசோதனை கணக்கில் வராது.

ஏஜென்ட் சொல்வதை நம்பலாமா?

படிவம் நிரப்ப உதவி கேட்பதில் தவறில்லை. ஆனால் வரிசையை முந்த வைக்க யாராலும் முடியாது. ‘தூதரகத்தில் ஆள் இருக்கு’ என்று சொன்னால் அங்கேயே விலகிவிடுங்கள். ‘கிரீன் கார்டு லாட்டரியில் தேர்வாகியிருக்கிறீர்கள்’ என்று வரும் மெசேஜும் பொய். அந்தக் குலுக்கல் திட்டத்தில் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இடமில்லை. படிவத்தை ஏஜென்ட் நிரப்பியிருந்தாலும் பொறுப்பு உங்களுடையது. அனுப்பும் முன் ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

விசா வந்த பிறகு

விசா பொதுவாக அதிகபட்சம் 6 மாதம் செல்லும். மெடிக்கல் முடிவு காலாவதியாகும் தேதியைப் பொறுத்து இது குறையலாம். அதற்குள் அமெரிக்காவில் நுழைய வேண்டும். கிரீன் கார்டு அச்சிட ஒருவருக்கு 235 டாலர் தனியாகக் கட்ட வேண்டும்.

பெற்றோர் முடிவெடுக்கும் முன் யோசிக்க வேண்டியது மருத்துவச் செலவு. புதிதாகப் போகும் முதியவர்கள் 5 ஆண்டு தொடர்ந்து வசித்த பிறகே மெடிகேர் அரசு காப்பீட்டில் பணம் கட்டிச் சேர முடியும். அதுவரை தனியார் காப்பீட்டுக்கு யார் பணம் கட்டுவது என்பதை மகனோடும் மருமகளோடும் முன்பே பேசிவிடுவது எல்லோருக்கும் நல்லது. கிரீன் கார்டு வாங்கிவிட்டு ஊரிலேயே நீண்ட நாள் இருப்பதும் முடியாது. ஓராண்டுக்கு மேல் வெளியே இருக்க வேண்டுமானால், அமெரிக்காவில் இருக்கும்போதே மறு நுழைவு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அமெரிக்க வெளியுறவுத் துறையே திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு அறிவுரை உண்டு. பாஸ்போர்ட்டில் விசா ஒட்டிக் கைக்கு வரும் வரை வீட்டை விற்காதீர்கள், வேலையை ராஜினாமா செய்யாதீர்கள், விமான டிக்கெட் போடாதீர்கள். நேர்காணலில் அதிகாரி சிரித்த முகத்தோடு பேசினார் என்பதற்காகப் பிள்ளையின் டி.சி.யை வாங்கிவிட வேண்டாம். கட்டணங்களும் விதிகளும் அடிக்கடி மாறுவதால், பணம் கட்டும் நாளில் அமெரிக்க அரசின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.